வாசகர் கேள்வி – பதில்: கடல் மிதவைத் தரவுகள் இனி எந்த வழியில் வரும்?

வானிலை மிதவைகளின் அவதானிப்புகள் பயனர்களைச் சென்றடையும் முறை மாறிவருவதைப் பற்றி வாசகர்கள் பலர் எழுதியிருப்பதால், இவ்விதழின் பக்கத்தை அந்த ஒரு பொருளுக்கே ஒதுக்குகிறோம். ஒரே செய்தியைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: சிறு படகு ஓட்டுவோருக்குக் கடல் நிலவரத்தைக் காட்டும் மென்பொருள் ஒன்றை நடத்தி வருகிறேன். அது நம்பியிருந்த மிதவையின் அறிக்கை ஒரு நாள் திடீரென நின்றுபோனது. மிதவை பழுதாகிவிட்டதா, தரவை வெளியிடும் முறை மாறிவிட்டதா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: மிதவையில் அளக்கப்பட்ட ஓர் எண் உங்கள் திரைக்கு வருவதற்குள் பல கைகள் மாறுகிறது. மிதவை அதைச் செயற்கைக்கோளுக்கு அனுப்புகிறது. தரைநிலையத்தின் வழியாக அது மிதவையை இயக்கும் நிறுவனத்தின் தரவு மையத்துக்கு வருகிறது. அங்கே தானியங்கிச் சோதனைகளுக்கு உட்பட்டுக் குறியீட்டு வடிவம் பெற்று, உலக வானிலை அமைப்பின் உறுப்பு நாடுகளை இணைக்கும் ஜி.டி.எஸ். என்ற தொலைத்தொடர்பு வலையில் ஏறுகிறது. இதோடு, அதே நிறுவனம் பொதுமக்களுக்கென எளிய எழுத்துக் கோப்பாகவும் அதை இணையத்தில் வைப்பதுண்டு. இவற்றில் எந்தக் கண்ணி அறுந்தாலும் உங்கள் திரையில் தெரிவது ஒரே வெற்றிடம்தான்.

முதலில் இயக்கும் நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் அந்த மிதவையைத் தேடிப் பாருங்கள். அங்கே இன்றைய வரி இருந்தால் மிதவை நலமாகவே இருக்கிறது. மாறியது உங்கள் வழி. எல்லா வழிகளிலும் ஒரே நேரத்தில் மௌனம் என்றால் மின்கலம், அலைபரப்பி அல்லது மிதவையே பழுதாகியிருக்கலாம். காற்று மட்டும் வராமல் அழுத்தமும் நீர் வெப்பமும் வந்துகொண்டிருந்தால் அது ஓர் உணரியின் கோளாறு. இருப்பிடம் மணிக்கு மணி நகர்ந்தால் நங்கூரம் அறுந்திருக்கிறது என்று பொருள். அப்போது பல நிறுவனங்கள், எண்கள் சரியாகவே வந்தாலும், அந்த மிதவையின் பெயரில் அவற்றை வெளியிடுவதை நிறுத்திவிடும்.

வழி மாறியிருப்பதற்கு இன்று மிகச் சாதாரணமான காரணம், எஃப்.டி.பி. என்ற பழைய கோப்புப் பரிமாற்ற முறையில் கடவுச்சொல் இன்றி இயங்கிய சேவைகள் மூடப்பட்டு வருவது. ஃபயர்பாக்ஸ் உலாவி 2021 ஜூலையிலும் குரோம் அதே ஆண்டு அக்டோபரிலும் எஃப்.டி.பி. ஆதரவை முற்றாக நீக்கின. தரவு நிறுவனங்களும் அந்த வழியை அடைத்துக் கோப்புகளை எச்.டி.டி.பி.எஸ். முகவரிக்கு மாற்றி வருகின்றன. இத்தகைய மாற்றத்துக்கு முன்னறிவிப்பு பெரும்பாலும் இருக்கும். ஆனால் தானாக ஓடும் ஒரு நிரல் அறிவிப்புப் பலகையைப் படிப்பதில்லை.

தரவு நின்றுபோவதைக் காட்டிலும், நின்றது தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து. பதிவிறக்கம் தோல்வியுற்றால் முந்தைய கோப்பையே மீண்டும் காட்டும்படி எழுதப்பட்ட நிரல்கள் ஏராளம். நேற்றைய 0.8 மீட்டர் அலை உயரத்தை இன்றையது என்று நம்பி ஒருவர் படகை எடுத்தால் அந்தப் பிழையை மிதவையின் மேல் சுமத்த முடியாது. ஆகவே, எண்ணுக்குப் பக்கத்திலேயே அது அளக்கப்பட்ட நேரத்தைக் காட்டுங்கள். சில மணி நேரம் பழையதானால் எண்ணை மறைத்துவிடுங்கள்.

கேள்வி: பழைய ஐந்திலக்கக் குறியீட்டை நான் கண்ணால் பார்த்தே படித்துவிடுவேன். அதைக் கைவிட்டுக் கணினி மட்டுமே படிக்கக்கூடிய பஃபர் வடிவத்துக்கு ஏன் போக வேண்டும்? யாருக்கு லாபம்?

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது. கப்பல்களுக்கும் நங்கூரமிட்ட மிதவைகளுக்கும் பயன்பட்ட எஃப்.எம். 13 குறியீட்டில் 40132 என்று ஒரு குழு இருந்தால் முதல் 4 அழுத்தத்தைக் குறிக்கும், மீதியை 1013.2 ஹெக்டோபாஸ்கல் என்று படிக்க வேண்டும், ஆயிரத்தின் இலக்கம் மட்டும் விடப்பட்டிருக்கும். 10284 என்றால் காற்றின் வெப்பநிலை 28.4 பாகை, 11021 என்றால் சுழியத்துக்குக் கீழே 2.1 பாகை. அலைக்கான 10803 என்ற குழு, 8 விநாடி இடைவெளியையும் மூன்று அரை மீட்டர், அதாவது 1.5 மீட்டர் உயரத்தையும் சொல்லும். தந்தி வரியில் ஒவ்வொரு எழுத்துக்கும் விலை இருந்த காலத்தில் உருவான சிக்கனம் அது. அதன் நேர்த்தியை மறுப்பதற்கில்லை.

ஆனால் சிக்கனத்துக்குக் கொடுத்த விலையும் பெரிது. அந்தக் குறியீட்டில் அட்சரேகையும் தீர்க்கரேகையும் பாகையின் பத்தில் ஒரு பங்கு வரையே எழுதப்பட்டன. அட்சரேகையில் பாகையின் பத்தில் ஒன்று என்பது 6 கடல் மைல், ஏறத்தாழ 11 கிலோமீட்டர். தேதிப் பகுதி நாளையும் மணியையும் மட்டும் சொல்லும். மாதமும் ஆண்டும் கிடையாது, நிமிடம் வேண்டுமானால் தனிக் குழு சேர்க்க வேண்டும். நகரும் மிதவைகளுக்காக வந்த எஃப்.எம். 18 இவற்றில் சிலவற்றைச் சீர்செய்தது: இருப்பிடம் ஆயிரத்தில் ஒரு பாகை வரை வந்தது, மாதம் சேர்ந்தது, ஆனால் ஆண்டின் கடைசி இலக்கம் மட்டுமே இடம்பெற்றது. புதிதாக ஓர் அளவைச் சேர்க்க வேண்டுமென்றால் குறியீட்டின் விதியையே திருத்தி, உலகெங்கும் அதைப் படிக்கும் நிரல்களை எல்லாம் மாற்ற வேண்டியிருந்தது.

உலக வானிலை அமைப்பு 1988இல் ஏற்ற பஃபர், அட்டவணைகளைச் சார்ந்த வடிவம். செய்தி தன்னுள்ளேயே 'அடுத்து வருவது அழுத்தம், அதை அடுத்து வருவது வெப்பநிலை' என்று விவரணை எண்களால் சொல்லிவிடும். அந்த எண்ணுக்குரிய அலகும் துல்லியமும் எல்லாரிடமும் உள்ள பொது அட்டவணையில் இருக்கும். மேலே கண்ட 28.4 பாகை அதில் 301.55 கெல்வினாகி, 30155 என்ற முழு எண்ணாக 16 பிட்டுகளில் அமர்கிறது. 1013.2 ஹெக்டோபாஸ்கல் 10132 என்று 14 பிட்டுகளில் அடங்குகிறது. இருப்பிடம் பாகையின் நூறாயிரத்தில் ஒரு பங்கு வரை, ஏறக்குறைய ஒரு மீட்டர் அளவுக்கு, வரலாம். ஓர் அளவு இல்லை என்றால் அதற்குரிய பிட்டுகள் எல்லாம் 1 என்ற இலக்கத்தால் நிரப்பப்படும். சுழியத்துக்கும் 'இல்லை' என்பதற்கும் குழப்பம் வராது. நங்கூர விவரம், உணரியின் உயரம், தரச் சோதனையின் முடிவு ஆகியவற்றுக்கும் இடம் உண்டு. நங்கூரமிட்ட மிதவைக்கு 3 15 008, நகரும் மிதவைக்கு 3 15 009 என்ற வார்ப்புகள், அதாவது எந்த அளவு எந்த வரிசையில் வரும் என்று சொல்லும் ஆயத்தப் பட்டியல்கள், பயன்படுகின்றன.

லாபம் முதலில் வானிலையைக் கணினியில் கணிக்கும் மாதிரிகளை நடத்துவோருக்கே; அதை மறைக்க வேண்டியதில்லை. ஒரு மிதவையின் அழுத்த அளவு எந்த நிமிடத்தில், எந்த இடத்தில் எடுக்கப்பட்டது என்பது திருத்தமாகத் தெரிந்தால்தான் மாதிரி அதைச் சரியாக எடைபோடும். ஆனால் ஓர் எச்சரிக்கை: பழைய எழுத்துச் செய்தியையே எடுத்துப் பஃபர் உறைக்குள் போட்டு அனுப்பும் மையங்களும் உண்டு. அப்படி வந்த செய்தியில் ஐந்து தசம இடங்கள் இருக்கலாம். அவற்றில் முதல் இடத்துக்குப் பின் உள்ளவை வெறும் சுழியங்கள். இருப்பிடம் எப்போதும் ஒரே தசமத்தில் முடிகிறதா என்று பார்த்தால் இதைப் பிடித்துவிடலாம்.

ஐரோப்பிய நடுத்தர கால வானிலை முன்கணிப்பு மையம் வெளியிடும் ஈசிகோட்ஸ் என்ற இலவச மென்பொருள் பஃபரைப் பிரித்துப் படிக்கப் போதுமானது. கையால் படிக்கும் இன்பம் திரும்பி வராது. ஆயினும், பொதுப்பணத்தில் இயங்கும் நிறுவனங்கள் எளிய எழுத்துக் கோப்பு ஒன்றையும் கூடவே வைத்திருக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. அதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது, அதனால் பயன்பெறுவோர் மிகப் பலர்.

கேள்வி: ஒரே இடத்தில் 46042 என்றும் 4600042 என்றும் இரண்டு மிதவைகள் காட்டப்படுகின்றன. இரண்டில் எது உண்மை?

பதில்: இரண்டும் ஒன்றே. ஐந்திலக்க எண்கள் தீர்ந்துபோகும் நிலை வந்ததால் ஏழிலக்க எண்கள் நடைமுறைக்கு வந்தன. பழைய எண்ணின் இரண்டாம் இலக்கத்துக்கும் மூன்றாம் இலக்கத்துக்கும் நடுவே இரண்டு சுழியங்களைச் செருகினால் புதிய எண் கிடைக்கும். இதற்கு மேல் 0-22000-0-4600042 என்று நீண்ட வடிவம் ஒன்றும் உண்டு. அது உலக வானிலை அமைப்பின் ஒருங்கிணைந்த நிலைய அடையாளம். உங்கள் பட்டியலில் மூன்றையும் ஒரே மிதவைக்குக் கட்டிவிடுங்கள். இல்லையேல் ஓர் அளவு இரண்டு முறை எண்ணப்படும், வரைபடத்தில் ஒரு மிதவை இரண்டாகத் தெரியும்.

கேள்வி: டபிள்யூ.ஐ.எஸ். 2.0 என்ற புதிய முறை பற்றி அடிக்கடி கேள்விப்படுகிறேன். ஜி.டி.எஸ். மூடப்படுமா? எங்களைப் போன்ற சிறிய பயனர்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்: ஜி.டி.எஸ்., 1963இல் தொடங்கிய உலக வானிலைக் கண்காணிப்புத் திட்டத்தின் குழந்தை. மையத்திலிருந்து மையத்துக்கு முன்கூட்டியே பேசி வைத்த வழித்தடங்களில் செய்திகளைக் கைமாற்றுவது அதன் இயல்பு. ஒரு மையத்துக்குப் புதிய தரவு வேண்டுமென்றால் வழியிலுள்ள ஒவ்வொரு மையமும் தன் வழித்தட அட்டவணையைத் திருத்தியாக வேண்டும். வெளியில் இருப்பவருக்கு அதில் நேரடி நுழைவு இல்லை. தேசிய வானிலைச் சேவையின் வாயிலாகவே எதையும் பெற முடிந்தது.

உலக வானிலை அமைப்பின் புதிய தரவுப் பகிர்வு முறையான டபிள்யூ.ஐ.எஸ். 2.0 பொது இணையத்தின் மேல் நிற்கிறது. தரவை உருவாக்கும் மையம் தன் கணுவில் (இணையத்தில் உள்ள தன் சர்வரில்) கோப்பை வைத்துவிட்டு, எம்.கியூ.டி.டி. என்ற நெறிமுறையில் 'புதியது வந்திருக்கிறது' என்று ஒரு சிறு அறிவிப்பை வெளியிடும். உலகத் தரகர்கள் எனப்படும் சர்வர்கள் அந்த அறிவிப்பை எல்லாருக்கும் பரப்பும். பிரான்ஸ், சீனா, பிரேசில், அமெரிக்கா ஆகிய நாடுகளின் வானிலை நிறுவனங்கள் இவற்றை நடத்துகின்றன. உலகத் தற்காலிகச் சேமிப்பகங்கள் அடிப்படைத் தரவுகளின் படியை எடுத்துக் குறைந்தது 24 மணி நேரம் வைத்திருக்கும். எனவே, மிதவையை இயக்கும் சிறிய நிறுவனத்தின் சர்வர்மேல் ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் மோத வேண்டியதில்லை. மிதவை அறிக்கை மிகச் சிறியது என்பதால் இன்னொரு வசதியும் உண்டு: 4096 பைட்டுக்குள் அடங்கும் தரவை அறிவிப்புக்குள்ளேயே வைத்து அனுப்பலாம், தனியே பதிவிறக்க வேண்டியதே இல்லை.

இதனால் பயனரின் வேலையின் போக்கே மாறுகிறது. இதுவரை நீங்கள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு முகவரியைத் தட்டிப் பார்த்தீர்கள். இனி ஒரு தலைப்புக்குச் சந்தா சொல்லிவிட்டுக் காத்திருந்தால் போதும். தரகருக்குள் நுழையப் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் 'எவ்ரிஒன்' என்ற ஒரே ஆங்கிலச் சொல்தான். பெயருக்கு ஏற்றபடி கதவு எல்லாருக்கும் திறந்தே இருக்கிறது. தலைப்புகள் 'ஆரிஜின்', 'கேஷ்' என இரண்டு கிளைகளாகப் பிரியும். முதலாவது தரவை உருவாக்கிய மையத்தைச் சுட்டும். இரண்டாவது சேமிப்பகத்தைச் சுட்டும். சிறிய பயனர்கள் இரண்டாவதைப் பிடிப்பதே மரியாதையும் வசதியும்.

ஒரே அறிவிப்பு பல தரகர்கள், பல சேமிப்பகங்கள் வழியே பல முறை உங்களை வந்தடையும் என்பதையும் எதிர்பாருங்கள். இது கோளாறு அன்று. ஒரு வழி அடைபட்டால் மறுவழி இருக்க வேண்டும் என்று வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. அறிவிப்பில் உள்ள தரவு அடையாளத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, முன்பே பார்த்ததைத் தள்ளிவிடுங்கள். திருத்தப்பட்ட அறிக்கை அதே அடையாளத்தோடு பிந்திய வெளியீட்டு நேரத்தில் வரக்கூடும் ஆதலால், கண்ணை மூடிக்கொண்டு தள்ளிவிடவும் கூடாது.

இம்முறை 2025 ஜனவரியில் செயல்பாட்டுக்கு வந்தது. ஜி.டி.எஸ். ஒரே நாளில் அணைக்கப்படவில்லை. இரண்டுக்கும் இடையே தரவை மாற்றித் தரும் நுழைவாயில்கள் இயங்க, நாடுகள் படிப்படியாகப் புதியதற்கு மாறி வருகின்றன. இந்த இணைக்காலத்தை ஓய்வுக்காலமாக எண்ணாமல் சோதனைக்காலமாக எடுத்துக்கொள்ளுங்கள்: இரு வழிகளிலும் வரும் அதே மிதவையின் அதே மணி அறிக்கையை ஒரு மாதம் ஒப்பிட்டுப் பார்த்து, வேறுபாடு ஏதுமில்லை என்று உறுதியான பிறகே பழையதை விடுங்கள். முன்பு எழுத்துக் குறியீட்டிலிருந்து பஃபருக்கு மாறியபோதும் இப்படி ஓர் இணைக்காலம் இருந்தது. கெடு தாண்டியும் பழைய வடிவம் பல மையங்களிலிருந்து வந்துகொண்டே இருந்ததால், யாரும் அவசரப்படவில்லை, பின்னர் ஒவ்வொன்றாக நின்றபோது திகைத்தார்கள்.

கேள்வி: இதற்குக் கட்டணம் உண்டா?

பதில்: உலக வானிலை அமைப்பு 2021 அக்டோபரில் ஏற்ற ஒருங்கிணைந்த தரவுக் கொள்கை, தரவுகளை 'அடிப்படைத் தரவு', 'பரிந்துரைக்கப்பட்ட தரவு' என இரண்டாகப் பிரிக்கிறது. முதல் வகையைக் கட்டணமின்றி, பயன்பாட்டுக்கு நிபந்தனையும் இன்றி, உறுப்பு நாடுகள் பகிர்ந்தாக வேண்டும். இரண்டாம் வகையைத் தருபவர் உரிமநிபந்தனை விதிக்கலாம். எந்த மிதவை எந்த வகை என்பது டபிள்யூ.ஐ.எஸ். தலைப்பிலேயே தெரியும். இது 1995இன் 40ஆம் தீர்மானத்தின் இடத்தில் வந்த கொள்கை. அதற்கு முன்பு கடல்சார் தரவுகள் தனித்தனி ஏற்பாடுகளுக்குள் சிதறிக் கிடந்தன.

கேள்வி: ஒரே மிதவையின் காற்று வேகம் ஒரு தளத்தில் 12 என்றும் இன்னொன்றில் 6 என்றும் காட்டுகிறது. தரவு வழி மாறியதில் எண்ணும் மாறிவிட்டதா?

பதில்: ஒன்று நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்), மற்றது விநாடிக்கு மீட்டர். விநாடிக்கு 6 மீட்டர் என்பது 11.7 நாட். எஃப்.எம். 13 செய்தியில் எந்த அலகு என்பதை மணிக்கு அடுத்துள்ள ஒற்றை இலக்கம் சொல்லும். அதைப் பார்க்காமல் விட்ட நிரல்கள் இப்படித் தடுமாறும். பஃபரில் காற்று எப்போதும் விநாடிக்கு மீட்டரிலும், வெப்பம் கெல்வினிலும், அழுத்தம் பாஸ்கலிலும் இருக்கும் என்பதால் இந்தக் குழப்பம் குறையும்.

அலகைச் சரிசெய்த பின்னும் சிறு வேறுபாடு எஞ்சினால், இன்னும் மூன்று இடங்களில் தேடுங்கள். முதலாவது, சராசரி எடுத்த கால அளவு: அமெரிக்கத் தேசியத் தரவு மிதவை மையம் மிதவைகளில் காற்றை 8 நிமிடச் சராசரியாகத் தருகிறது, உலக வானிலை அமைப்பின் பொது வழக்கம் 10 நிமிடம். இரண்டாவது, காற்றளவியின் உயரம்: வெப்பமண்டலக் கடல்களின் நங்கூர மிதவைகள் பலவற்றில் அது நீர்மட்டத்துக்கு 4 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது, மாதிரிகள் பேசுவதோ 10 மீட்டர் உயரக் காற்றைப் பற்றி. ஒரு தளம் அளந்தபடியே காட்டும், மற்றொன்று 10 மீட்டருக்கு உயர்த்திக் காட்டும். மூன்றாவது, நேரம்: மணிக்குப் பத்து நிமிடம் முன்பு எடுத்த அளவு ஒரு வழியில் 05:50 என்றும், மறுவழியில் 06 மணி என்றும் பெயர் பெறும். எண் ஒன்றுதான், காற்று வேகமாக மாறும் நாளில் அந்தப் பத்து நிமிடம் பொய்யாகத் தோன்றும்.

கேள்வி: நகரும் மிதவைகளின் அறிக்கைகள் முன்பு மணிக்கணக்கில் தாமதமாக வந்தன, இப்போது உடனுக்குடன் வருகின்றன. இதுவும் புதிய விநியோக முறையால்தானா?

பதில்: இல்லை, அது அதற்கு முந்தைய கண்ணியின் மாற்றம். 1978 முதல் இயங்கிய ஆர்கோஸ் அமைப்பில், துருவச் சுற்றுப்பாதைச் செயற்கைக்கோள் தலைக்கு மேல் கடக்கும்போதுதான் மிதவையின் குரல் கேட்கும். இருப்பிடமும் டாப்ளர் விளைவால் கணிக்கப்பட்டது. இப்போது பெரும்பாலான நகரும் மிதவைகள் ஜி.பி.எஸ். கருவியோடு இரிடியம் செயற்கைக்கோள்கள் வழியே பேசுகின்றன.

கேள்வி: கடலில் இணையம் இல்லாத கப்பலுக்கு இந்த மாற்றங்களால் பாதிப்பு உண்டா?

பதில்: நாவ்டெக்ஸ், சேஃப்டிநெட் போன்ற சேவைகள் கப்பலுக்குத் தருவது முன்கணிப்பும் எச்சரிக்கையும், தனி மிதவையின் அளவுகளை அல்ல. அவை தனி ஏற்பாட்டில் தொடர்கின்றன. மிதவைக் கோப்பை இறக்கி அலைவரிசை குறைந்த இணைப்பில் கப்பலுக்கு அனுப்பும் தனியார் சேவையை நம்பியிருப்போர் மட்டும், அந்தச் சேவை தன் மூலத்தை மாற்றிக்கொண்டதா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

கேள்வி: கல்லூரி ஆய்வுக்காகப் பத்து ஆண்டு அலை உயரங்களைச் சேர்த்தேன். ஒரு மாதத்தின் சராசரி 20 மீட்டரைத் தாண்டுகிறது. எங்கே தவறு?

பதில்: அளவு இல்லாத இடங்களில் இருக்கும் நிரப்பு எண்ணைச் சேர்த்துக் கூட்டியிருக்கிறீர்கள். மேற்சொன்ன அமெரிக்க மையத்தின் அண்மைக் கோப்புகள் 45 நாள் தரவைத் தாங்கி, அளவு இல்லாத இடத்தில் 'எம்எம்' என்று எழுதும். எழுத்து என்பதால் நிரல் அதைக் கூட்ட மறுக்கும். ஆண்டுவாரிக் காப்பகக் கோப்புகளிலோ அதே வெற்றிடம் அலை உயரத்துக்கு 99.00 என்றும், வெப்பநிலைக்கும் திசைக்கும் 999 என்றும், அழுத்தத்துக்கு 9999.0 என்றும் இருக்கும். அவை எண்கள் ஆதலால் எந்த முணுமுணுப்பும் இன்றிச் சராசரிக்குள் நுழைந்துவிடும். காப்பகக் கோப்புகள் மேலும் தரச் சோதனைக்கு உட்பட்டவை என்பதால், உடனடிக் கோப்பில் இருந்த சில அளவுகள் அங்கே நீக்கப்பட்டிருக்கவும் கூடும். பழைய ஆண்டுகளின் கோப்புகளில் நிமிடத்துக்கான பத்தியே இல்லை, ஆண்டு இரண்டிலக்கமாகவும் இருக்கும். பத்திகளை இடத்தை வைத்து எண்ணாமல், தலைப்பு வரியைப் படித்து அடையாளம் காணுங்கள். நிரப்பு எண்களை நீக்கிவிட்டு மறுபடி கணக்கிடும்போது, அந்த மாதத்தில் எத்தனை மணி நேரத்துக்கு உண்மையான அளவு இருந்தது என்பதையும் சராசரிக்குப் பக்கத்தில் எழுதுங்கள்.